விஸ்கான்சின் ட்ரவுட் ஓடைகள்: கரையில் நடக்கும் பாத்தியத்தை அரசு இன்னும் வாங்க வேண்டாமா?

கூன்வேலி செல்வம்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

நான் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லா கிராஸுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. வெர்னன் கவுன்டியில் (கவுன்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) ட்ரவுட் என்கிற குளிர்நீர் மீன் வாழும் ஒரு சின்ன ஓடை இருக்கிறது, பெயர் வேண்டாம். ஒன்பது வருடமாக அங்கேதான் தூண்டில் போட்டேன். நிலத்துக்காரர் வயதானவர். முதல் வருடம் கதவைத் தட்டிக் கேட்டபோது, "மாடு வெளியே போகாமல் கேட்டைச் சாத்திவிட்டுப் போ, அது போதும்" என்றார். தீபாவளிக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோய்க் கொடுப்பேன். போன வருடம் அவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டார்கள். இந்த மே மாதம் முதல் சனிக்கிழமை, சீசன் திறந்த அன்று போனால் கேட்டில் புதுப் பூட்டு தொங்குகிறது. வாங்கியவர் மேல் எனக்குக் குறை இல்லை, அவர் நிலம், அவர் பூட்டு. ஒரு மனிதரின் நல்ல மனசை மட்டும் நம்பித்தான் ஒன்பது வருடமும் போய்வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அங்கிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் டிம்பர் கூலி ஓடை. அங்கே நீண்ட தூரத்துக்குக் கரையில் நடக்கும் பாத்தியத்தை மாநில அரசு ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறது. நம்மூர்ப் பத்திரத்தில் "வண்டிப்பாதை பாத்தியம்" என்று எழுதுவார்களே, இங்கே ஈஸ்மென்ட் என்பது அதே மாதிரிதான். நிலம் பண்ணைக்காரர் பேரிலேயே இருக்கும். கரையிலிருந்து பொதுவாக 66 அடி அகலத்துக்கு மக்கள் நடந்துபோய் மீன் பிடிக்கலாம், அரசு கரையைச் சீர்செய்யலாம் என்ற பாத்தியத்தை மட்டும் விலை கொடுத்து வாங்கிப் பதிவு செய்வார்கள். நிலம் எத்தனை கை மாறினாலும் பாத்தியம் நிலத்தோடேயே போகும். என் ஓடையில் அப்படி ஒரு பத்திரம் இருந்திருந்தால் அந்தப் பூட்டு வந்திருக்காது.

இதற்குக் காசு முக்கியமாக வந்தது நோல்ஸ்–நெல்சன் என்ற மாநில நிதியிலிருந்து. 1989இல் ஆரம்பித்தது. ஒருவர் குடியரசுக் கட்சி ஆளுநர், இன்னொருவர் ஜனநாயகக் கட்சி ஆளுநர், இரண்டு பேர் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 2021இல் ஆண்டுக்கு 33.25 மில்லியன் டாலர் என்று 2026 ஜூன் 30 வரைக்கும்தான் நீட்டித்தார்கள். 2025 பட்ஜெட்டில் ஆளுநர் பத்து வருடத்துக்கு, வருடம் 100 மில்லியன் கேட்டார். சட்டமன்றம் ஏற்கவில்லை. ட்ரவுட் ஓடை மட்டும் இந்த மாநிலத்தில் 13,000 மைலுக்கு மேல் ஓடுகிறது. பண்ணைகள் கைமாறும் வேகத்தைப் பார்த்தால், இப்போது வாங்காத கரையைப் பத்து வருடம் கழித்து வாங்க முடியாது என்றே நினைக்கிறேன். உங்கள் அபிப்பிராயம் என்ன?

மேடிசன் மலர்விழி:

செல்வம் அண்ணா, ஒரு சந்தேகம். விஸ்கான்சினில் ஓடைத் தண்ணீர் பொதுச்சொத்து, பாலத்தடியில் இறங்கி நடந்தால் யாரும் தடுக்க முடியாது என்றுதானே சொல்கிறார்கள்? அப்புறம் காசு கொடுத்துப் பாத்தியம் எதற்கு?

கூன்வேலி செல்வம்:

நல்ல கேள்வி, மலர். சட்டம் நீங்கள் சொன்னபடிதான். 1787 வடமேற்குப் பிரதேசச் சட்டத்திலேயே, படகு போகும் நீர்வழிகள் என்றைக்கும் எல்லோருக்கும் பொது என்று எழுதி, அதை மாநில அரசியலமைப்பிலும் வைத்துவிட்டார்கள். வருடத்தில் சில நாளாவது ஒரு சின்னத் தோணி மிதக்கும் என்றால் அந்த ஓடை பொது. ஆனால் கால் தண்ணீரில் இருக்க வேண்டும். வழியில் மரம் விழுந்து கிடந்தாலோ தடுப்பு இருந்தாலோ மட்டும் சுற்றிப்போக அளவாகக் கரையேறலாம்.

நம்மூரில் ஓடை என்றால் புறம்போக்கு, கரையும் பெரும்பாலும் அதில் அடக்கம். அந்த நினைப்பில் இங்கே வந்து ஏமாறக் கூடாது. இங்கே தண்ணீர் மட்டும்தான் பொது, கரையின் முதல் புல்லிலிருந்தே பட்டா நிலம். எங்கள் பக்கத்து ஓடைகளில் முழங்கால் ஆழத்தில் நடந்துகொண்டே இருப்போம், திடீரென்று நெஞ்சளவு மடு வரும். இரண்டு கரையும் ஆளுயரத்துக்குச் செங்குத்தான வண்டல் மண். குறுக்கே மாட்டுக்கான மின்கம்பி. முப்பது வயதுக்காரன் குனிந்து நுழைந்துவிடுவான். மற்றவர்களுக்கு அந்தச் சட்டம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

மேடிசன் மலர்விழி:

இப்போது புரிகிறது. "மற்றவர்கள்" என்றதும் எனக்கு அப்பா ஞாபகம்தான் வந்தது.

அப்பாவுக்கு 68. கல்லிடைக்குறிச்சிக்காரர், தாமிரபரணியில் தக்கை கட்டித் தூண்டில் போட்டு வளர்ந்தவர். போன ஜூனில் இங்கே வந்திருந்தபோது ஒரு ஓடைக்குக் கூட்டிப்போனேன். வேலியைத் தாண்ட மர ஏணி மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள், இந்தப் பக்கம் நான்கு படி, அந்தப் பக்கம் நான்கு படி. மூட்டுவலியோடு உச்சிவரை ஏறிவிட்டார். அந்தப் பக்கம் இறங்க முடியவில்லை. உச்சிப் பலகையிலேயே உட்கார்ந்து, நான் தூண்டில் வீசுவதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு, கல்லுக்குப் பின்னால நிக்கி பாரு" என்று அங்கிருந்தே மீனைக் காட்டினார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அதனால் பாத்தியம் வாங்கும்போது மைல் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள் என்பேன். நான்கு கார் நிற்க ஒரு கப்பிக்கல் திட்டு, வேலியில் ஆள் மட்டும் வளைந்து நுழைகிற ஒரு திட்டிவாசல், தண்ணீரோரம் சமதளமாக இருபது அடி. இவ்வளவு இருந்தால் அப்பா மாதிரி ஆட்களுக்கும் ஓடை திறந்துவிடும். பத்து மைல் புதிதாக வாங்குவதைவிட இரண்டு மைலை இப்படி வாங்குவது மேல்.

பால்பண்ணை ராசு:

நான் ஈரோட்டுக்காரன். வெர்னன், மன்ரோ கவுன்டிப் பண்ணைகளுக்கு மாட்டுத் தீவனக் கணக்குப் போட்டுக் கொடுக்கிற வேலை. தூண்டில் பிடிக்கத் தெரியாது. தினமும் நான் பார்க்கிற ஆட்கள் வேலிக்கு உள்ளே இருக்கிறவர்கள், அதனால் அவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

முதல் விஷயம், இங்கே லா ஃபார்ஜ் என்ற ஊரில் நடந்தது. கிக்கப்பூ ஆற்றில் அணை கட்டுகிறோம் என்று 1962இல் அனுமதி வாங்கி, சுமார் 140 குடும்பங்களை நிலத்தைவிட்டுக் கிளப்பினார்கள். 1971இல் வேலை ஆரம்பம். 1975இல் நின்றுபோய்விட்டது. அணை வரவே இல்லை, நீரெடுக்கும் கான்கிரீட் கோபுரம் இன்றைக்கும் மொட்டையாக நிற்கிறது. அந்த நிலம் இப்போது இயற்கைக் காப்பகமாகி, ஹோ-சங்க் பழங்குடியினரும் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள், அது நல்லபடியாகத்தான் இருக்கிறது. ஆனால் தாத்தா வீட்டை இடித்ததைப் பார்த்த பிள்ளைகள் இன்னும் பால் கறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் போய் "அரசாங்கத்துக்கு நிரந்தரப் பாத்தியம் எழுதிக் கொடுங்கள்" என்றால் முகம் எப்படி மாறும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது, அந்த ஓடை குளிர்ந்ததே இவர்களால்தான். நூறு வருடத்துக்கு முன்னால் மலைச்சரிவில் மேலும் கீழுமாக உழுது, மண்ணெல்லாம் பள்ளத்தாக்கில் வந்து விழுந்தது. செல்வம் சொன்ன ஆளுயர வண்டல் கரை அப்படி வந்ததுதான். 1933இல் நாட்டிலேயே முதல் நீர்ப்பிடிப்பு மண் பாதுகாப்புத் திட்டத்தைக் இங்கே கூன் கிரீக் என்ற ஓடையில்தான் தொடங்கினார்கள். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாக, ஒரு பட்டை மக்காச்சோளம், ஒரு பட்டை தீவனப்புல் என்று மாற்றிப் போட்டார்கள். மழைத் தண்ணீர் ஓடிப்போகாமல் மண்ணுக்குள் இறங்கியது, சுண்ணாம்புப் பாறைக்கும் மணற்பாறைக்கும் ஊடே ஊற்றாக வந்தது. கோடையிலும் பத்து டிகிரி செல்சியஸ் சுமாருக்கு ஊற்றுநீர் வருகிறது என்றால் அதற்குப் பின்னால் இரண்டு மூன்று தலைமுறை உழைப்பு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு, நன்றியோடு போய்க் கதவைத் தட்ட வேண்டும். செல்வம் அதிரசம் கொண்டுபோனாரே, அந்த மாதிரி.

மூன்றாவது, அன்றாடத் தொல்லை. கேட்டைத் திறந்துபோட்டுப் போகிறவர்கள், கன்றுக்குட்டி இருக்கிற மேய்ச்சலில் நாயை அவிழ்த்துவிடுகிறவர்கள், அறுத்துப்போட்ட தங்கூஸ் நரம்பு. ஒரு பண்ணையில் கன்றின் குளம்பில் நரம்பு இறுகி, வீக்கத்தைக் கீறி எடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவரிடம் பாத்தியத்தைப் பற்றிப் பேச எனக்கு நா எழாது.

பிக்ஸ்கை அருண்:

மான்டானா, போஸ்மனிலிருந்து எழுதுகிறேன். ராசு சாரின் பதிவுக்கு மரியாதையோடு ஒரு மாற்றுக் கருத்து.

துண்டு துண்டாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே போனால் எப்போது முடியும்? இங்கே 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் இரண்டு தீர்ப்பு கொடுத்தது, 1985இல் சட்டமாக்கிவிட்டார்கள். வழக்கமான வெள்ளக்கோடு, அதாவது ஆற்றுநீர் வழக்கமாக ஏறுகிற எல்லை எதுவோ, அதற்குள் யாரும் நடக்கலாம், மீன் பிடிக்கலாம். ஓடையின் அடிநிலம் யாருடையது என்ற கேள்வியே எழாது. 2009இல் பொதுச்சாலைப் பாலங்கள் வழியாக இறங்குவதையும் சட்டத்தில் எழுதினார்கள். ரூபி ஆற்றில் ஒரு பெரும் நிலக்காரர் வழக்காடிப் பார்த்தார், 2014இல் உச்ச நீதிமன்றம் மக்கள் பக்கமே நின்றது.

கொலராடோவில் நேரெதிர். ஆற்றின் அடிக்கல் நிலத்துக்காரருடையது, மிதந்து போகலாம், கால் ஊன்றினால் அத்துமீறல். ஒரு வயதான தூண்டில்காரர் வருடக்கணக்கில் வழக்கு நடத்தினார். 2023இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம், இந்த வழக்கைத் தொடர அவருக்குத் தகுதியில்லை என்று முடித்துவிட்டது. யூட்டாவில் 2008இல் தீர்ப்பு மக்களுக்குச் சாதகமாக வந்தது, 2010இல் சட்டமன்றமே அதைச் சுருக்கிவிட்டது.

உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும். பட்ஜெட்டை நம்பி இருக்கிற உரிமை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஆடும்.

கூன்வேலி செல்வம்:

அருண், மான்டானா சட்டத்தைப் படித்து நானும் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம்.

ஒன்று, வாங்கிப் பதிவு செய்த பாத்தியம் பட்ஜெட்டில் ஆடாது. புதிதாக வாங்குவதுதான் நின்றுபோகும், வாங்கியது கையைவிட்டுப் போகாது. நியூயார்க்கைப் பாருங்கள். 1935இலிருந்து விருப்பப்பட்டுக் கொடுக்கிற நிலத்துக்காரர்களிடம் மட்டும் வாங்குகிறார்கள், பெரும்பாலும் 33 அடிப் பட்டை. அப்படிச் சேர்ந்தது இன்றைக்குச் சுமார் 1,300 மைல். பொறுமையான வேலை, ஆனால் நீதிமன்றம் ஏறி இறங்காத வேலை. யூட்டாவில் நடந்த மாதிரி ஒரு சட்டமன்றம் வந்து அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டு, உங்கள் ஆறுகள் பெரியவை, வெள்ளக்கோட்டுக்குள்ளேயே அகலமான கூழாங்கல் படுகை கிடக்கும், நடக்கலாம். எங்கள் ஓடையைப் பல இடத்தில் ஒரே தாவலில் தாண்டிவிடலாம். வெள்ளக்கோடு என்பது செங்குத்துக் கரையின் ஓரம்தான். உங்கள் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் மலரின் அப்பாவுக்கு அரையடி இடம்கூடக் கிடைக்காது.

ராசு அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மறுக்க ஒன்றும் இல்லை. ஆனால் பண்ணைக்காரருக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கூன் கிரீக்கின் மேலே இருந்த தடுப்பணைகளே உடைந்தன. எத்தனை பேர் மேய்ச்சல் நிலமும் வேலியும் ஓடையோடு போயிற்று! பாத்தியம் எழுதிக்கொடுத்த இடத்தில் மாநில மீன்வளத் துறை வந்து செங்குத்துக் கரையைச் சரிவாக வெட்டி, கல் அடுக்கி, புல் விதைத்துக் கொடுக்கிறது. தண்ணீரோரம் பலகையும் மரத்தூணும் வைத்துச் சின்னத் திண்ணை மாதிரி கட்டி, மேலே மண் போட்டு மூடிவிடுவார்கள், வெளியே தெரியாது. அதன் நிழலில் மீன் ஒதுங்கும், கரையும் அரிக்காது. மாடு தண்ணீர் குடிக்க இறங்குமிடத்தில் கல் பாவிக் கொடுப்பார்கள். பண்ணைக்காரர் தன் கைக்காசில் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று, யாராவது வழுக்கி விழுந்து கால் ஒடிந்தால் நிலத்துக்காரர் மேல் வழக்கு வருமே என்று பயப்படுகிறார்கள். பொழுதுபோக்குக்கு நிலத்தைத் திறந்துவிடுகிறவரைக் காப்பாற்ற விஸ்கான்சினில் சட்டம் இருக்கிறது. பலருக்கு அதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை.

பால்பண்ணை ராசு:

கரை விஷயம் உண்மை. நான் போகிற ஒரு பண்ணையில் 2018க்குப் பிறகு கரை சரிந்து சரிந்து, தீவனக் கிடங்குக்கு நாற்பது அடி தள்ளி ஓடை வந்து நிற்கிறது. அவர் ஆமிஷ், பழைய முறையில் எளிமையாக வாழ்கிற கிறிஸ்தவப் பிரிவு. அரசுக் காசு வாங்க மாட்டார். ஆனால் "வாங்காமல் சும்மா கொடுத்தால் கரையைக் கட்டித் தருவார்களா, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் வராமல் இருப்பார்களா" என்று என்னிடம் கேட்டார். அந்த ஞாயிறு விஷயத்தைப் பத்திரத்தில் எழுத முடியாவிட்டாலும், தூண்டில்காரர்கள் தாங்களாகவே மதிக்கலாம் இல்லையா?

அவலாஞ்சி ரவி:

நீலகிரியிலிருந்து. கிக்கப்பூவின் மேற்குக் கிளையில் அவலாஞ்சி என்றே ஒரு ஊர் விஸ்கான்சினில் இருக்கிறது என்று இந்தக் குழுவில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் அவலாஞ்சிக்கு 1823 மண்சரிவால் அந்தப் பெயர் வந்தது. இங்கேயும் ட்ரவுட் உண்டு, 1900களின் ஆரம்பத்தில் வெள்ளைக்காரர்கள் குஞ்சு பொரிப்பகம் கட்டி வளர்த்தது. அதற்கு முன்பே, 1879இல், நீலகிரிக்கென்று தனியாக வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டுவிட்டார்கள். யார் பிடிக்கலாம், எப்போது பிடிக்கலாம் என்பதை வேட்டைக்கார துரைகளே தீர்மானித்த காலம். ஓடையோரம் தலைமுறையாக வாழ்ந்தவர்களை அந்தச் சட்டம் கேட்கவில்லை. அந்தச் சரித்திரம் தெரிந்தவன் என்பதால், எல்லோருக்கும் கரை திறக்க வேண்டும் என்ற செல்வத்தின் பேச்சு எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் மீன் பக்கம் பேச ஒருவர் வேண்டும். நான் விலங்கியல் படித்தவன், சொல்கிறேன். பழுப்பு ட்ரவுட் உங்கள் ஓடையில் அக்டோபர், நவம்பரில் முட்டையிடும். பெண்மீன் வாலால் கூழாங்கல்லை அடித்து அடித்துக் குழி பறிக்கும். பாசி படிந்த கற்களுக்கு நடுவே அந்த ஒரு திட்டு மட்டும் கழுவி வைத்த அரிசி மாதிரி வெளுத்துத் தெரியும். முட்டை குளிர்காலம் முழுக்க அந்தக் கல்லுக்குள் கிடக்கிறது. பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட வேண்டிய உங்கள் சீசன் ஜனவரியிலேயே திறந்துவிடுகிறது. தெரியாமல் அந்தத் திட்டின் மேல் நடந்தால் ஒரு குடும்பமே போயிற்று. ஆள் நடமாட்டம் பெருகினால் இதுவும் பெருகும்.

அடுத்தது நத்தை. 2013இல் மேடிசனுக்குப் பக்கத்தில் பிளாக் எர்த் கிரீக்கில் நியூசிலாந்துச் சேற்று நத்தையைக் கண்டார்கள். மிளகளவுதான், பூட்ஸ் அடியில் ஒட்டினால் கண்ணுக்கே படாது. அதே பூட்ஸோடு அடுத்த ஓடையில் இறங்கினால் ஒரு நத்தை போதும், ஆண் துணை இல்லாமலே பெருகும்.

உங்கள் ஓடைகளின் பூர்வீக ட்ரவுட் வகை புரூக் ட்ரவுட் ஒன்றுதான். பழுப்பு ஐரோப்பாவிலிருந்து வந்தது, வானவில் மேற்கு மாநிலங்களிலிருந்து வந்தது. புரூக் ட்ரவுட் இப்போது ஊற்றுக்கண் ஓரத்துச் சின்னக் கிளைகளில்தான் ஒதுங்கியிருக்கிறது. அந்தக் கிளைகளுக்குக் கார் நிறுத்துமிடமும் அறிவிப்புப் பலகையும் வைக்காதீர்கள்.

மேடிசன் மலர்விழி:

ரவி அண்ணா, கழுவி வைத்த அரிசி என்றீர்களே, பிப்ரவரியில் அப்படி ஒரு திட்டைப் பார்த்திருக்கிறேன். அழகாக இருக்கிறதே என்று அதன் மேலேயே நின்று வீசினேன். மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. இனி தெரியும். இதைப் படம் போட்டு ஒவ்வொரு கார் நிறுத்தத்திலும் ஒட்ட வேண்டும். பூட்ஸ் தேய்க்க ஒரு தூரிகையும் சங்கிலியில் கட்டித் தொங்கவிட வேண்டும்.

ஸ்காபரோ நந்தன்:

கனடாவிலயிருந்து ஒரு சின்னச் சேதி. எங்கட பக்கம் கிராண்ட் ஆறு, ஃபேர்கஸ் ஊரடியில, மேல உள்ள அணையின்ர அடித்தண்ணி குளிராய் வாறபடியால் 1989இல இருந்து பழுப்பு ட்ரவுட் குஞ்சு விடுகினம். ஆற்றங்கரைக்கு இறங்கிற வழியளைத் தொண்டர்கள்தான் பார்த்துப் பராமரிக்கினம். நான் கண்டது என்னெண்டால், வழியைத் துப்புரவாக்க வந்த ஆக்கள் கேட்டைத் திறந்து போட்டிட்டுப் போக மாட்டினம். ராசு அண்ணை சொன்ன தொல்லையளுக்கு அதுதான் மருந்து. பாத்தியம் வாங்கேக்கையே, எந்தத் துண்டை ஆர் பார்க்கிறது எண்டு ஒரு குழுவின்ர பேரையும் எழுதிப் போடுங்கோ.

பிக்ஸ்கை அருண்:

செல்வம், சின்ன ஓடைக்கு வெள்ளக்கோடு உதவாது என்பதை ஏற்கிறேன், அதை நான் யோசிக்கவில்லை. நெரிசலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மான்டானாவின் மாடிசன் ஆற்றில் கோடைக் காலையில் படகு இறக்க வரிசை நிற்கிறது. ஆனால் நெரிசலுக்குக் காரணம் இறங்குமிடம் அதிகமாக இருப்பது என்று நான் நினைக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே ஆற்றின் பெயர் மட்டும் தெரிந்திருக்கிறது. டிம்பர் கூலியில் கூட்டம் என்றால் சுற்றியிருக்கிற இருபது ஓடைகளில் கரை கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

கூன்வேலி செல்வம்:

அதேதான், அருண். மே முதல் சனிக்கிழமை டிம்பர் கூலிப் பாலத்தில் காரை நிறுத்த இடம் தேடிச் சுற்றும்போதெல்லாம் பூட்டிய என் ஓடைதான் மனதில் வரும்.

எல்லோரும் சொன்னதை வைத்து என் நிலைப்பாட்டைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். பாத்தியம் வாங்க வேண்டும், அதில் மாற்றமில்லை. ஆனால் நடு ஓடைகளில் வாங்கட்டும். ரவி சொன்ன ஊற்றுக்கண் கிளைகளில் கரையைக் காப்பாற்றும் பாத்தியம் மட்டும் போதும், அறிவிப்புப் பலகை வேண்டாம். கேட்கப் போகிறவர் பண்ணைக்காரருக்கு ஏற்கெனவே தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். வருடத்துக்கு 20 டாலர் லைசென்ஸ், ட்ரவுட் பிடிக்கக் கூடுதலாக 10 டாலர் ட்ரவுட் ஸ்டாம்ப் கட்டுகிறோம். ஸ்டாம்ப் காசு ஓடையைச் சீர்செய்யப் போகிறது, எனக்குச் சந்தோஷம். ஆனால் கட்டியதோடு நம் வேலை முடிந்தது என்று நானும் இத்தனை வருடம் இருந்துவிட்டேன்.

என் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கு நிதியைப் பற்றிக் கடிதம் எழுதியிருக்கிறேன். பூட்டு போட்ட புது நிலத்துக்காரருக்கும் கையெழுத்தில் ஒரு கடிதம் போட்டேன். மீன் பிடிக்க அனுமதி கேட்கவில்லை. பழையவர் காலத்தில் வடக்கு மூலை வேலி வெள்ளத்தில் சாயும், வசந்தத்தில் நானும் அவரும் சேர்ந்து நிமிர்த்துவோம், இந்த வருடம் உதவி வேண்டுமென்றால் வருகிறேன் என்று எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.

ராசு அண்ணா, அந்த ஆமிஷ் பண்ணைக்காரரைப் பார்க்க என்னைக் கூட்டிப்போவீர்களா?

பால்பண்ணை ராசு:

வியாழக்கிழமை அங்கே போகிறேன். மத்தியானம் பால் வேலை ஓய்ந்திருக்கும், அப்போது வாருங்கள். காரைச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். பத்திரம், பாத்தியம் என்று எடுத்த எடுப்பில் பேச வேண்டாம். முதலில் கரையைப் பார்ப்போம்.

மேடிசன் மலர்விழி:

அப்பா அடுத்த மாதம் திரும்ப வருகிறார். விஸ்கான்சின் அவலாஞ்சிப் பக்கம் தண்ணீரோரம் சமதளமான இடம் இருக்கிறதா, செல்வம் அண்ணா? ஃபோனில் ஊர்ப் பெயரைச் சொன்னதும், "ஊட்டிக்கா போறோம்?" என்று கேட்டார்.

கூன்வேலி செல்வம்:

இருக்கிறது, மலர். பாலத்திலிருந்து ஐம்பது எட்டுதான், மேடு பள்ளம் இல்லை. வெளியூர்க்காரருக்கான லைசென்ஸும் ட்ரவுட் ஸ்டாம்பும் அப்பா பேரில் முன்னாடியே எடுத்துவிடுங்கள். மடக்கு நாற்காலி ஒன்று கொண்டு வாருங்கள். அந்த வேலி ஏணி எந்த இடம் என்று தனிச்செய்தியில் அனுப்புங்கள். அந்த இடத்தைப் பார்த்துக்கொள்கிற குழுவிடம் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் இறங்க ஒரு கைப்பிடியும், உயரம் குறைவாக இரண்டு படியும் சேர்த்துப் போட்டுத் தருகிறேன். பலகை என் கொட்டகையிலேயே கிடக்கிறது.